எங்க நின்னு அழுத்தினீங்க?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ் சூளகிரியைத் தாண்டும்போதுதான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை மத்தியானம், நல்ல கூட்டம். ஒரு கை கம்பியில், ஒரு கை போனில் என்று நின்றுகொண்டு வந்தேன். கல்லாவியில் புளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். நான் எழுதிக் கொடுத்த வெப் ஆப்பில் மூட்டை எடையைப் போட்டால் சில சமயம் காணாமல் போகிறதாம். பஸ்ஸிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, இல்லாத ஒரு மூட்டைக்கு எடை போட்டுப் பார்த்தேன். ஜோராகப் பதிவானது. "எனக்கு நல்லா வேலை செய்யுதே அண்ணா" என்று அடித்து முடித்து, அனுப்பப் போன கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து சீட்டிலிருந்து யாரோ கேட்டது போல இருந்தது.

"நீங்க எங்க நிக்கிறீங்க? அவரு எங்க நிக்கிறாரு?"

அது அவருடைய கேள்வி. பாகலூர் ரோட்டில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன கம்பெனியில், ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து முறை அந்தக் கேள்வி காதில் விழும். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால், "எந்த சர்வர்ல போடப் போறீங்க, யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆபீசில் எல்லாருக்கும் அவர் சப்போர்ட்டக்கா. நாங்கள் தொழிற்சாலைகளுக்கு வெப் ஆப் எழுதிக் கொடுப்போம். அது படுத்துக்கொண்டால் போன் அவருக்கு வரும்.

நான் பி.ஈ. முடித்துவிட்டு, உலகத்தையே மூன்று மாதத்தில் திருத்தி எழுதிவிடலாம் என்ற நினைப்பில் அங்கே சேர்ந்தவள். அவர் எலெக்ட்ரிகல் பேனல் செய்யும் கம்பெனியில் நாலு வருஷம் ஒயரிங் லைனில் நின்று, நின்றபடியே தபாலில் பி.சி.ஏ. முடித்தவர். எனக்குப் பிறகுதான் சேர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். முதல் நாளே என் மேசைமேல் நான் வைத்திருந்த பேர்ப்பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லது இன்ஜினியரம்மா" என்றார். அதிலிருந்து கடைசி நாள் வரைக்கும் நான் இன்ஜினியரம்மாதான். கிண்டலா மரியாதையா என்று அன்றைக்கு நான் செய்த வேலையை வைத்துத்தான் தெரியும்.

அவர் மேசைக்கடியில் எப்போதும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ இருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் இரும்பு முனை வைத்த ஷூ எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு புகார் வந்ததும் நாங்கள் லேப்டாப்பைத் திறப்போம். அவர் குனிந்து ஷூவைத் தேடுவார்.

அப்புறம் அந்த போன். சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் கேட்டிலேயே செக்யூரிட்டி நம் போன் கேமராமேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார், உள்ளே படம் எடுக்கக்கூடாது என்று. வெளியே வந்ததும் நாங்கள் உரித்துப் போட்டுவிடுவோம். அவர் உரிக்க மாட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஏறி, போனைக் கீழே வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடும். "ஒரு படம்கூட எடுக்க முடியாதேக்கா" என்றேன் ஒருநாள். "எதுக்கு? அதான் நேர்ல பார்த்துட்டு வர்றேனே" என்றார்.

எங்கள் பாஷையில் இரண்டு இடம் உண்டு. ஒன்று லோக்கல்: என் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் சர்வர். நான்தான் கடைக்காரி, நான்தான் வாடிக்கையாளர். கேட்டது கேட்ட உடனே கிடைக்கும். இன்னொன்று ரிமோட்: மும்பையில் எங்கேயோ ஓடுகிறது, நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஜனங்கள் பயன்படுத்துவது அதைத்தான். ஒரு புகார் வந்தால் நான் முதலில் லோக்கலில் ஓட்டிப் பார்ப்பேன். ஓடும். ரிமோட்டில் ஓட்டிப் பார்ப்பேன். அதுவும் ஓடும். "ரெண்டு எடத்துலயும் ஓடுதுக்கா."

"ஓடட்டும். நல்லா இருக்கட்டும். ஓடாத மூணாவது எடம் ஒண்ணு இருக்குல்ல, அங்க போலாம் வாங்க."

மூன்றாவது இடம் என்பது மனுஷன் நிற்கிற இடம். அதைக் கேட்பதற்கு அவரிடம் மூன்று பாஷை இருந்தது. தமிழ் ஆளென்றால் "எங்க நின்னு அழுத்தினீங்க?" தளிப் பக்கத்துக்காரர் என்றால் கன்னடத்தில் "எல்லி நிந்தித்ரி?" பேரிகைப் பக்கத்துக்காரர் என்றால் தெலுங்கில் "எக்கட நிலபட்டாரு?" போனை எடுத்த முதல் வார்த்தையிலேயே எந்தக் கேள்வி என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஓசூரில் பாதிப் பேருக்கு இந்த மூன்றும் வரும். ஆனால் ஒரே கேள்வியை மூன்று பாஷையிலும் இத்தனை பிடிவாதமாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணை. பசுமைக் கூடாரத்துக்குள் வரிசை வரிசையாகப் பாத்தி. தினமும் காலையில் ஒரு அம்மா கையில் டேப்லெட்டோடு (நாங்கள் டேப் என்போம்) நடந்து, வரிசைக்கு எத்தனை மொட்டு என்று போட்டுக்கொண்டே போவார். பதினெட்டாவது வரிசைக்கு வந்தால் ஆப் அவரை வெளியே தள்ளிவிடும், திரும்ப பாஸ்வேர்டு கேட்கும். தினமும் அதே வரிசை. "அங்க டவர் இல்லைங்க மேடம்" என்றார் பண்ணை மேனேஜர். "அந்த வரிசையே சரியில்லைங்க, போன வருஷம் செடியும் அங்கதான் கருகிச்சு" என்றார் மருந்து அடிப்பவர். நான் ஆபீசில் உட்கார்ந்து பதினெட்டாவது வரிசைக்கான புரோகிராமை மூன்று முறை படித்தேன். வரிசை எண் பதினெட்டு என்றால் வெளியே தள்ளு என்று யாராவது எழுதுவார்களா?

அக்கா ஷூவை மாட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாவோடு பேசாமல் பின்னாலேயே நடந்தார். பதினெட்டில் தள்ளிவிட்டது. "இன்னைக்கி ரெண்டாவது தடவையா நடக்கணும்மா, கோச்சுக்காதீங்க. இப்ப கொஞ்சம் வெரசா." வெரசாக நடந்தார்கள். இருபத்திரண்டில் தள்ளிவிட்டது.

அவ்வளவுதான். சும்மா இருந்தால் அரைமணி நேரத்தில் வெளியே தள்ளும்படி நாங்கள் வைத்திருந்தோம். அந்த அம்மா சும்மா இல்லை, நடந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து அனுப்பும்படி நாங்கள் எழுதியிருந்ததால் சர்வருக்கு அது சும்மா இருப்பது போலத் தெரிந்திருக்கிறது. நாங்கள் சோதித்தபோது இருபத்தைந்து வரிசையையும் இரண்டு நிமிஷத்தில் தட்டிவிட்டோம், நாற்காலியில் உட்கார்ந்து. அக்கா திரும்பி வந்து என் மேசை ஓரத்தில் இரண்டு ரோஜாவை வைத்துவிட்டு, "டவர் மேலயும் பழி இல்ல, செடி மேலயும் பழி இல்ல. நீங்க ஒரு தடவை நடந்து எண்ணிப் பாருங்க, கால் வலிக்கும்" என்றார்.

எப்போதும் சரியாகவே இருந்தார் என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஒரு கம்பெனி ஸ்டாஃப் பஸ் பட்டியலில் பழைய வழித்தடமே காட்டுகிறது என்று புகார். இரண்டு நாள் அந்தப் போக்குவரத்துப் பிரிவிலேயே போய் நின்றார். திருத்தினோம், காட்டவில்லை. மறுபடி திருத்தினோம், காட்டவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கிருந்த கிளார்க், "எனக்கு நேத்தே சரியாயிடுச்சே மேடம்" என்றாராம். அக்காவின் போன் பழைய பக்கத்தைத் தனக்குள் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதை மறைக்கவெல்லாம் இல்லை. ஆபீசுக்கு வந்து நடுவில் நின்று, "ரெண்டு நாளா பழைய பேப்பரைப் படிச்சிட்டு நாட்டுல ஒண்ணுமே மாறலன்னு சண்டை போட்டிருக்கேன்" என்று அவரே சொன்னார். எங்களோடு சேர்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள லேசான ஆளும் இல்லை. எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் முதலாளி கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். நீங்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார், பொய் சொன்னது போல உங்களுக்கே தோன்றிவிடும் அளவுக்கு. இரண்டு பேர் சேர்ந்து இரண்டு திருத்தத்தை ஒரே நேரத்தில் சர்வரில் ஏற்றினால் அன்றைக்கு அவரோடு பேசவே முடியாது. "இப்ப சரியாச்சு. யாரால சரியாச்சு? தெரியாது. அப்ப நாளைக்கி கெட்டுப்போனா யாரைக் கேப்பீங்க?" சாம்பார் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார். அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

நாகவேணி விஷயம் வந்தது அப்போதுதான்.

ஜூஜுவாடியைத் தாண்டி, எல்லையை ஒட்டி ஒரு தொழிற்சாலை. வண்டிகளின் பிரேக்குக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்கிறார்கள். நாகவேணி அங்கே கடைசி இன்ஸ்பெக்ஷன்: ஒவ்வொரு நீலப் பிளாஸ்டிக் கிரேட்டிலும் இருக்கும் பின்களைக் கையால் உருட்டிப் பார்த்து, அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் டேப்பில் 'ஓகே' பொத்தானை அழுத்த வேண்டும். பச்சையாக ஒரு டிக் வரும். அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். ஒருநாள் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஒரு கிரேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு இன்ஸ்பெக்ஷன் பதிவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அந்த மாதத்தில் பதினொரு கிரேட்டுக்குப் பதிவு இல்லை. பதினொன்றும் நாகவேணியின் ஷிஃப்டில்.

பார்க்காமலேயே தள்ளிவிட்டிருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. அவர் கான்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதத்துக்கான பேர்ப்பட்டியல் சனிக்கிழமை போகும். அதில் அவர் பேர் இருக்காது. ஒரே ஒரு காகிதம் பாக்கி: மென்பொருளில் பிழை இல்லை என்று எங்கள் கம்பெனியின் கடிதம். புதன்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். லோக்கலில் ஓட்டினேன், சரி. ரிமோட்டில் ஓட்டினேன், சரி. சர்வர் லாகைத் திறந்தேன். சர்வருக்கு வந்துபோன ஒவ்வொன்றும் அதில் ஒரு வரியாக விழும். அந்தப் பதினொரு கிரேட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. கடிதத்தில் இப்படி எழுதினேன், எனக்கே பெருமையாக இருந்தது: "மேற்கண்ட பதிவுகள் எவையும் சர்வருக்கு வந்து சேரவில்லை. எனவே, பணியாளர் பொத்தானை அழுத்தவில்லை."

அக்கா பிரின்டரிலிருந்து அதை எடுத்தவர் அங்கேயே நின்று படித்தார். 'எனவே' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எதுக்கா?"

"இந்த 'எனவே'. வந்து சேரலன்னு லாக் சொல்லுது. சரி. அனுப்பலன்னு யாரு சொன்னா?"

"அழுத்தியிருந்தா வந்திருக்கும்ல?"

"காவேரிப்பட்டினத்துக்கு நீங்க அனுப்புன லெட்டர் உங்கம்மா கைக்குப் போகலன்னா, நீங்க எழுதவே இல்லன்னு அர்த்தமா இன்ஜினியரம்மா?"

என் ஊரை இழுத்ததில் எனக்குக் கோபம். "நாளன்னிக்கி லெட்டர் குடுக்கணும்க்கா" என்றேன்.

"அதான். நாளைக்கி போலாம்."

வியாழக்கிழமை காலை போனோம். கேட்டில் என் போனுக்கு ஒரு ஸ்டிக்கர், அவர் போனுக்குப் புதிதாக இன்னொரு மாடி. சூப்பர்வைசர் சௌந்தர் எங்களை உள்ளே கூட்டிப்போனார். மரியாதையான ஆள்தான்.

"மேடம், நீங்க வந்ததே வேஸ்ட்டு. செகண்ட் ஷிஃப்ட்டு பொண்ணு அதே டேப்புல போடுது, அதே டேபிள்ல நின்னு. ஒரு கிரேட்டுகூட மிஸ்ஸாகல. இந்தம்மாக்கு மட்டும் ஏன் காணாம போவுது? சாஃப்ட்வேர்க்கு ஆள் பாத்து அடிக்கத் தெரியுமா?"

எனக்கும் அதே கேள்விதான்.

நாகவேணிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். பேரிகைப் பக்கத்துக் கிராமம். நாங்கள் போனபோது தலை நிமிரவில்லை. கை மட்டும் பின்களை உருட்டிக்கொண்டிருந்தது. அக்கா தெலுங்கில் பேசியதும்தான் வாய் திறந்தார்.

"நேனு நொக்கினானுக்கா. ஒட்டு. பச்ச வச்சிந்தி." நான் அழுத்தினேன், சத்தியம், பச்சை வந்தது. அப்புறம் எனக்காகத் தமிழில் சொன்னார். "பச்ச வராம நான் ஒரு கிரேட்டுகூட விட்டதில்லீங்க மேடம். பச்ச வந்தாதான் கைய எடுப்பேன்."

நான் குனிந்து டேப்பைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று அந்த ஷெட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதலில் அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன்: அழுத்தினால் சர்வருக்குப் போகும், சர்வர் 'வந்தது' என்று பதில் சொல்லும், அப்புறம் பச்சை. லோக்கலில் கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்துவிடும். டெமோ காட்டிய அன்று ரிமோட்டிலிருந்து பதில் வர இரண்டு மூன்று வினாடி ஆனது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலமே மாற்றினேன். அழுத்திய உடனே பச்சை. சர்வருக்குப் போவது அதன்பாட்டுக்குப் பின்னால் போகட்டும். போகாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. எனக்குத்தான் எப்போதும் போய்விடுமே. "டக்குனு வருதே" என்று முதலாளி பாராட்டினார்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பச்சை சீக்கிரம் வருவது வேறு, பதிவு காணாமல் போவது வேறு என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஆபீசில் இருந்த திலீப்புக்கு போன் போட்டார். அவன் சர்வர் லாகைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வரி விழுந்தால் சொல்ல வேண்டும். நாகவேணி மேசையில் நின்று அழுத்தினார். "வந்துச்சு." அழுத்தினார். "வந்துச்சு." பத்து முறை. பத்தும் வந்தது. சௌந்தர் கையைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்? அழுத்துனா வருது."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. நாகவேணியிடம் கேட்டார். "எங்க நின்னு அழுத்துவீங்க?"

"இங்கதாங்க்கா."

"நாங்க யாரும் இல்லன்னு வெச்சுக்கோங்க. ஒரு கிரேட்டு, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும், தெனமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நாகவேணி ஒரு புது கிரேட்டை இழுத்தார். முழுசாகப் பார்த்தார், அவசரமே இல்லை. சீட்டு எழுதிக் கட்டினார். நான் டேப்பைப் பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை. தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு டிராலியைத் தள்ள ஆரம்பித்தார். ஷெட்டின் நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு போய், பின்வாசலில் லாரி ஏற்றும் இடத்தில் இருக்கும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிரேட்டை இறக்கிவைத்தார். அப்புறம்தான் டேப்பை எடுத்தார். அழுத்தினார். பச்சை வந்தது. பச்சையை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார்.

போனில் திலீப்: "எப்ப அழுத்துவீங்க?"

"அழுத்தியாச்சு" என்றார் அக்கா.

"ஒண்ணும் விழலையே."

"நல்லா பாரு."

"பாத்துட்டுதாங்க்கா இருக்கேன். ஒண்ணும் வரல."

சௌந்தர் கட்டின கையைப் பிரித்தார். "எதுக்கும்மா இங்க வந்து அழுத்துற? டேபிள்லயே போட வேண்டியதுதான?"

"டேபிள்ல ஓகே போட்டுட்டு இந்தாண்ட திரும்புறதுக்குள்ள, அதுக்குப் பதிலா பாதி பாத்த கிரேட்ட எடுத்து லாரிகிட்ட வெச்சிட்டுப் போயிட்டாங்க சார் ஒருவாட்டி. அதுலேர்ந்து கோட்டத் தாண்டி என் கையால வெச்சப்புறம்தான் போடுவேன்."

செகண்ட் ஷிஃப்ட் பெண் மேசையிலேயே போட்டுவிடுகிறார், எல்லாம் பதிவாகிறது. இவர் கூடுதல் கவனமாக இருந்ததால் மாட்டிக்கொண்டார். நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே டேப்பில் 'டிங்' என்று ஒரு சத்தம். நாகவேணியின் கட்டைவிரல், திரையைப் பார்க்காமலேயே, மேலே வந்த செய்தியை ஒரு தள்ளு தள்ளியது.

"என்ன அது?" என்றார் அக்கா.

"சும்மாக்கா. வெல்கம்."

எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். எல்லையோரம் நாலு அடி அப்படி இப்படி நடந்தால், போன் தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். உடனே "கர்நாடகா உங்களை வரவேற்கிறது" என்று ஒரு எஸ்.எம்.எஸ். வீட்டுக்குள் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போனால் வரவேற்பு வாங்குகிறவர்கள் உண்டு. பிறந்ததிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை வாங்கினார். அதில் எஸ்.எம்.எஸ். பெட்டி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. திறந்தார். வெல்கம், வெல்கம், வெல்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, மணி, நிமிஷம்.

"சௌந்தர் சார், அந்தப் பதினொரு கிரேட்டு சீட்டோட நகல் இருக்கா? நேரம் எழுதியிருப்பாங்கல்ல?"

சீட்டுகள் வந்தன. நாகவேணியின் கையெழுத்து, நேரத்தோடு. அக்கா வெல்கத்தைப் படிக்க, சௌந்தரே சீட்டைப் படித்தார். வெல்கங்கள் பதினொன்றுக்கு மேலேயே இருந்தன. ஆனால் காணாமல் போன ஒவ்வொரு கிரேட்டுக்கும் ஒன்றிரண்டு நிமிஷம் தள்ளி ஒரு வெல்கம் இருந்தது. ஏழாவது சீட்டுக்குப் பிறகு சௌந்தரின் குரல் இறங்கிவிட்டது. பதினொன்றையும் படித்து முடிக்கும்வரை அக்கா விடவில்லை. அப்புறம் டேப்பை அவர் கையிலேயே கொடுத்தார்.

"இப்ப நீங்க அழுத்துங்க சார். மேசைல ஒண்ணு, கோட்டுகிட்ட ஒண்ணு. வேற எதையும் மாத்தாதீங்க."

மேசையில், வந்தது. கோட்டுக்கு அருகில், பச்சை எரிந்தது, திலீப்பிடமிருந்து ஒன்றும் இல்லை. அப்புறம் 'டிங்'. கோட்டுக்குப் போகும்போதெல்லாம் டவர் மாறாது; மாறினால், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு டேப் எந்த ஊரிலும் இல்லை. அந்த நேரத்தில் அனுப்பியது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"ஆனா பச்ச வந்துச்சே?" என்றார் சௌந்தர். "போகாமயே எப்படிங்க பச்ச வருது?"

அப்போது சொன்னேன். டெமோவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பச்சை என்னோடது. சர்வரைக் கேக்காமயே நான்தான் காட்டினேன்." ஷெட்டில் பிரஸ் மெஷின் அடிக்கிற சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாகவேணி என்னை அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

அக்கா என்ன சொல்வாரோ என்று இருந்தது. "அப்படியா" என்றார். "அத நேத்தே சொல்லியிருந்தா அரை நாள் மிச்சம்."

வெள்ளிக்கிழமை முழுக்க மாற்றி எழுதினேன். அழுத்தினால் முதலில் டேப்புக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு மஞ்சள் வட்டம் சுற்றும். சர்வரிடமிருந்து பதில் வந்தால்தான் பச்சை. டவர் போனால் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். கடிதத்தையும் மாற்றினேன். முதலாளி படித்துவிட்டு, "நம்ம தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா மானம் போயிடாதா? நெட்வொர்க் பிரச்சனைன்னு போடு" என்றார்.

அக்கா தன் மேசையிலிருந்தே சொன்னார். "நெட்வொர்க்கு எல்லா ஊர்லயும் போவும் சார். போனத மறைச்சது நாம. நம்ம மானம் நாலு மாசத்துல திரும்பி வந்துரும். அந்தம்மா பேரு லிஸ்ட்ல ஒருவாட்டி போச்சுன்னா வராது."

முதலாளி கையெழுத்துப் போட்டார். சந்தோஷமாகப் போடவில்லை. சனிக்கிழமை காலை கடிதத்தையும் புது ஆப்பையும் நானே கொண்டுபோனேன். பட்டியலில் நாகவேணியின் பேர் இருந்தது. சௌந்தர் என் கண்முன்னே காட்டினார்.

பின்வாசலில் நாகவேணி ஒரு கிரேட்டை வைத்துவிட்டு அழுத்தினார். மஞ்சள் சுற்றியது. நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். டெமோவில் இரண்டு வினாடியைத் தாங்க முடியாதவள் அரை நிமிஷம் நின்றேன். 'டிங்' என்று வெல்கம் வந்தது. இந்தத் தடவை அவர் தள்ளிவிடவில்லை. அப்புறம் பச்சை.

நன்றி எல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "இப்ப வந்த பச்ச நெஜமா மேடம்?"

"நெஜம்தான்" என்றேன். தலையாட்டினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, கிரேட் எண்ணையும் நேரத்தையும் பேனாவால் எழுதிக்கொண்டார். திரும்பி வந்து இதை அக்காவிடம் சொன்னபோது, "எழுதட்டும். நானா இருந்தாலும் எழுதுவேன்" என்றார்.

அக்கா போன வருஷம் எல்லையைத் தாண்டி ஜிகணியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே சர்வரும் ஆட்களும் வேறு வேறு நாடுகளில். ஷூவை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "போன்ல அவங்கள நடக்க வெக்கிறேன்" என்றார். எந்த பாஷையில் என்று கேட்க மறந்துவிட்டேன். நானும் அந்த மாடியை விட்டு வந்து, தனியாகச் சின்னச் சின்ன ஆப் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லாவிப் புளி மண்டி அதில் ஒன்று. அதிலும் ஒரு பச்சை டிக் இருக்கிறது. இது பதில் வந்த பிறகுதான் வரும், பலமுறை பார்த்துவிட்டேன். பார்த்ததெல்லாம் என் மேசையில் உட்கார்ந்து.

பஸ் கிருஷ்ணகிரிக்குள் நுழைவதற்குள் அடித்து வைத்திருந்ததை அழித்துவிட்டேன். மண்டிக்காரருக்கு வேறு அனுப்பினேன்:

"அண்ணா, திங்கக்கிழமை காலைல ஊத்தங்கரை பஸ் பிடிச்சு வர்றேன். அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. நான் வந்தப்புறமும் நீங்க வழக்கமா எங்க நிப்பீங்களோ அங்கயே நில்லுங்க, போதும்."

சேஃப்டி ஷூ என்னிடம் இல்லை. மண்டிக்கு செருப்பு போதும் என்று நினைக்கிறேன். போய் நின்று பார்த்தால் தெரியும்.